தண்ணீர் இல்லாத குளத்தில் பேச்சியம்மாள்

பேச்சியம்மாளுக்குக் கூட்டத்தைக் கண்டு பயம் கிடையாது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் கடை திறந்து வைத்திருப்பவளுக்கு அந்தப் பயம் இருந்தால் ஆகாது. உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், நகைக்கடையின் பக்கச் சுவரை ஒட்டினாற்போல் அவர்களுடைய மேட்சிங் சென்டர் இருக்கிறது. சேலையைக் கொண்டுவந்து விரித்தால் அதற்கு ஒத்துப்போகிற ஃபால்ஸ், லைனிங், ஜாக்கெட் துணி, உள்பாவாடை எல்லாம் அங்கேயே கிடைக்கும். கல்லாவில் அவள் கணவர் கணேசமூர்த்தி. துணி எடுத்துப் போடுவது அவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வாரமே அந்த மேஜைக்குப் பின்னால் நின்றவள், ஐம்பத்தெட்டு வயதிலும் அங்கேதான் நிற்கிறாள். எல்லோரும் ஒரே நேரத்தில் சேலையை நீட்டினாலும் முகம் சுளிக்க மாட்டாள். "இருங்க தாயி, இந்தா வாரேன்" என்று ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டே இன்னொருத்திக்கு வெட்டிக் கொடுத்துவிடுவாள்.

அவளுக்குப் பயம் தண்ணீரைக் கண்டுதான். அது கணேசமூர்த்திக்குக்கூடத் தெரியாது.

2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது அவர்கள் கோட்டூர்புரத்தில் ஒரு கீழ்த்தள வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மகன் அஸ்வத் அப்போது பெங்களூரில். கணேசமூர்த்தி முதல் நாளே மழையில் மாட்டிக்கொண்டு, கடையிலேயே தங்கி, சரக்கையெல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். விடிகிற நேரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பேச்சியம்மாள் கட்டில் மேல் ஏறினாள். பிறகு கட்டில் மேல் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் ஏறி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நொச்சிக்குப்பத்து மீனவர்கள் படகோடு வந்து தூக்கியபோது அவளால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாக அவர்கள்தான் எடுத்துவிட்டார்கள்.

இதை அவள் யாரிடமும் விவரமாகச் சொல்லவில்லை. "இடுப்பளவு வரும்போதே போட்டுல ஏத்திட்டாங்க" என்று கணவரிடம் முடித்துக்கொண்டாள். அவர் அப்போது நனைந்துபோன சரக்கைப் பார்த்துப் பித்துப் பிடித்தவர் மாதிரி இருந்தார். அப்புறம் மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடிக்குக் குடிபோனார்கள். அங்கேயும் அவள் தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடமாட்டாள். சீயக்காய் எரிந்தாலும் திறந்தேதான் இருக்கும். பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால் காய்ந்த மணலோடு நின்றுவிடுவாள். "சேலை நனைஞ்சிரும்லா" என்பாள். யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

கணேசமூர்த்திக்கு அறுபது முடிந்தது. சொந்தபந்தங்களைக் கூட்டி மணிவிழா நடத்துவது அவருக்குப் பிடிக்காது. இப்போது பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் அஸ்வத், அதற்குப் பதிலாக அப்பா அம்மாவுக்குக் கப்பல் பயணம் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றான். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, திருகோணமலையில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு, திரும்பி வருவது. கப்பலின் பெயர் சமுத்திர ராணி.

"கடையப் பூட்டிட்டா?" என்று கணேசமூர்த்தி கேட்டார்.

"ஆமாப்பா, பூட்டிட்டுத்தான். தி.நகர் எங்கேயும் ஓடிடாது."

பேச்சியம்மாள் அவன் கொடுத்த வழவழப்பான விளம்பரத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலின் மேல்தளத்தில் நீலமாக ஒரு நீச்சல் குளம். அதில் தொப்பி போட்ட ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல யாரும் இறங்கலாமாடே?"

"இறங்கலாம்மா. ஏன், நீ இறங்கப் போறியா?" என்று அஸ்வத் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆனால் அன்றிலிருந்து அவள் மனதில் அந்தக் குளத்தின் நினைப்புதான். தண்ணீரில் இறங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாக அவளுக்கு ஆசை. நீந்துவதெல்லாம் அப்புறம், முதலில் இறங்கி நிற்க வேண்டும், பயப்படாமல் நிற்க வேண்டும். சென்னையில் அதைச் செய்ய அவளுக்குக் கூச்சம். தெரிந்தவர்கள், வாடிக்கைக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று எங்கே திரும்பினாலும் ஒரு முகம். கப்பலில் யாருக்கு அவளைத் தெரியும்? பயந்து அலறினாலும் ஊருக்கு வந்து யார் சொல்லப்போகிறார்கள்?

கடையில் மதியம் கூட்டம் குறைகிற நேரமாகப் பார்த்து, இழுத்தால் நீளுகிற கறுப்புத் துணியை வாங்கிவந்து வெட்டினாள். முழுக்கை வைத்து, முழங்கால் வரை மேல்சட்டை, அதற்குக் கீழே காலோடு ஒட்டிய பேன்ட். தையல் மெஷினில் குனிந்திருந்தவளைப் பார்த்து, "என்ன, நைட்டியா?" என்று கணேசமூர்த்தி கேட்டார். "ம்" என்றாள்.

சமுத்திர ராணியைத் துறைமுகத்தில் பார்த்ததும் கணேசமூர்த்தி நின்றுவிட்டார். விளம்பரத்தில் வெள்ளையாக இருந்த கப்பல் நேரில் பழுப்பாக இருந்தது. நங்கூரம் தொங்குகிற இடத்திலிருந்து துரு வழிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துக்கு அடியில், பெயின்ட்டுக்குள் புடைத்துக்கொண்டு, வேறு ஏதோ நாட்டு எழுத்தில் வேறு ஒரு பெயர் தெரிந்தது.

உள்ளே போனால் கம்பளத்தில் ஈர நாய் வாடை. இரண்டு லிஃப்டில் ஒன்றின் குறுக்கே நாற்காலி போட்டிருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்து அறை. "கடல் தெரியும் ஜன்னல்" என்று அஸ்வத் சொல்லி அனுப்பியிருந்தான். வட்டமான ஜன்னல் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே பாசி மாதிரி ஏதோ படிந்து, பகலா இரவா என்பதுகூடத் தெரியவில்லை. குளியலறைக் குழாயில் முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து, பிறகு தெளிந்தது. மதியச் சாப்பாட்டில் வாயில் நுழையாத பெயரெழுதிய அட்டை ஒன்றுக்குப் பின்னால் ரவா உப்புமா இருந்தது. மேஜிக் காட்சி நடத்த வந்தவருக்கே கடல் ஒத்துக்கொள்ளாமல், பாதியில் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு ஓடினார். அதைத் தந்திரம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

பேச்சியம்மாள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பல் கரையை விட்டு நகர்ந்தபோது நடுக்கமாக இருந்ததென்னவோ உண்மை. கைப்பிடிச் சுவர் பக்கமே போகாமல், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனாள்.

குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் நீல ஓடுகள் இடையிடையே பெயர்ந்து கிடந்தன. ஒரு மூலையில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அவள் அந்த விளிம்பிலேயே நின்றாள். அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"இன்னா அநியாயம் பாத்தியா?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. அவளை விடக் கொஞ்சம் மூத்தவளாக ஒரு பெண்மணி. தலையில் துப்பட்டா, தோளில் துண்டு, கையில் இவளைப் போலவே ஒரு பை. "குளம் கீதுன்னு சொல்லித்தானே டிக்கெட் குடுத்தானுங்க? கேட்டா பம்பு ரிப்பேராம். நீயும் குளிக்க வந்தியாமா?"

"இல்லக்கா. சும்மா பாக்க வந்தேன்" என்று பேச்சியம்மாள் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

அவள் பெயர் அஃப்சருன்னிசா. மயிலாப்பூரில் அவள் கணவர் ஷரீஃப் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் அறை, இவர்கள் அறைக்கு நேர் எதிரே. ஷரீஃப் கப்பல் கிளம்பியதிலிருந்து படுத்தவர்தான். "எந்திரிச்சா தல சுத்துதாம். படுத்தா அந்த மெத்தைய திட்றாரு. அவுரு வயசு இருக்குமாம் அந்த மெத்தைக்கு" என்று அஃப்சருன்னிசா சொன்னாள். பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஏ.சி. நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் பரத்வாஜ் என்ற மேலாளர் பேசினார். இன்ஜின் ஒன்றில் சிறு கோளாறு என்றும், கப்பல் மெதுவாகத்தான் போகும் என்றும், அதனால் திருகோணமலையில் இறங்காமல் அப்படியே சென்னைக்குத் திரும்புவதாகவும் சொன்னார். வரவேற்பு மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடிக் கத்த ஆரம்பித்தது. கணேசமூர்த்தியும் போய்ச் சேர்ந்துகொண்டார். பேச்சியம்மாள் புழுக்கத்தில் தலை வலிக்கிறது என்று அறையிலேயே படுத்திருந்தாள்.

அப்போதுதான் மேல் மாடியில் எங்கேயோ குழாய் உடைந்தது. கூரையிலிருந்து முதலில் சொட்டியது, பிறகு ஊற்றியது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவள் பார்த்தபோது கம்பளம் மிதந்துகொண்டிருந்தது. கணவரின் செருப்பு ஒன்று மெல்லத் திரும்பித் திரும்பி அறையின் நடுவுக்கு வந்தது.

கணேசமூர்த்தி திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, அவள் கட்டிலின் மேல் நின்று, திரைச்சீலை மாட்டியிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, இறங்கி வா. மேல போயிருவோம்."

அவள் அசையவில்லை.

"கணுக்கால் தண்ணிதானே. என்ன செய்யி உனக்கு?"

கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கட்டிய நாளிலிருந்து இப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. தோளைத் தொட்டார். மரக்கட்டையைத் தொட்டதுபோல் இருந்தது. பயந்துபோய் நடையில் நின்று, "யாராவது வாங்களேன்!" என்று சத்தம் போட்டார்.

எதிர் அறைக் கதவு திறந்தது. அஃப்சருன்னிசா எட்டிப் பார்த்தாள். "இன்னா சார் ஆச்சு?" என்றவள், உள்ளே ஒரு பார்வை பார்த்ததும் வேறு கேள்வி கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். "நீங்க போயி ஆள இட்டுக்கினு வாங்க. ஒரு பக்கெட்டும் வாங்கிக்கினு வாங்க. நான் கீறேன்."

அவர் ஓடினார். அஃப்சருன்னிசா தண்ணீரில் நடந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பேச்சியம்மாளைப் பிடித்து இழுக்கவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. "எனக்கு முட்டி வலி. கொஞ்ச நேரம் குந்திக்கினு இருக்கேன். ஜில்லுனுதான் கீது" என்று காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து, மேலே பார்க்காமலேயே கேட்டாள்:

"அந்த வெள்ளத்துல எங்கமா இருந்த?"

பேச்சியம்மாள் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"மெட்ராஸ்ல இருந்துக்கினு தண்ணியப் பாத்து இப்படி ஆனா, வேற இன்னாவா இருக்கும்? எங்க தெருவுல இடுப்பு வரைக்கும் வந்துச்சு. உங்களுக்கு?"

"கோட்டூர்புரம்" என்றாள் பேச்சியம்மாள். அது மட்டும்தான் வந்தது. பிறகு ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தன் முகவாயைத் தொட்டுக் காட்டினாள். "கட்டிலு, அதுக்கு மேல ஸ்டூலு. அதுக்கு மேல நின்னும் தண்ணி இங்கன வந்துட்டு, அக்கா. நான் கண்ண மூடவே இல்ல. மூடுனா அவ்வளவுதான்னு தோணிச்சு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

வாசலில் பக்கெட் தரையில் மோதுகிற சத்தம் கேட்டது. கணேசமூர்த்தி அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"இடுப்பளவுன்னுல்லா சொன்ன" என்றார்.

"நீங்க அன்னைக்கு இருந்த இருப்புல உங்ககிட்ட வேற சொல்லணுமாக்கும்."

அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கையை மட்டும் நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். இன்னொரு கையையும் கம்பியிலிருந்து எடுத்தாள். அஃப்சருன்னிசாவின் தோளில் ஒரு கையும் அவர் பிடியில் ஒரு கையுமாகத் தண்ணீரில் காலை வைத்தாள். கதவு வரைக்கும் மூச்சே விடவில்லை. நடைக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். கணேசமூர்த்தி தன் தோள்துண்டை எடுத்து அவள் காலைத் துடைத்துவிட்டார். ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரையும் மேலே போகச் சொன்னார்கள். மேல்தளத்தில் வெயில் கொளுத்தியது. நிழல் இருந்த இடங்களையெல்லாம் முன்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அஃப்சருன்னிசா சுற்றிப் பார்த்துவிட்டு, காலிக் குளத்தின் படியில் இறங்கினாள். உள்ளே ஒரு பக்கச் சுவரின் நிழல் அகலமாக விழுந்திருந்தது, காற்றும் வந்தது. "இங்க வாங்க எல்லாரும்! நல்லா கீது!" என்று கூப்பிட்டாள். போர்வையை விரித்து, முதலில் ஷரீஃபைப் படுக்கவைத்தாள். கட்டாந்தரை மெத்தையை விடத் தேவலை என்றார் அவர். கொஞ்ச நேரத்தில் குளம் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். முறுக்கும் புளியோதரையும் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயின.

"நேத்து அந்தப் பைக்குள்ள இன்னா வச்சிருந்த?" என்று அஃப்சருன்னிசா மெதுவாகக் கேட்டாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று பேச்சியம்மாள் கறுப்புத் துணியை எடுத்துக் காட்டினாள். அஃப்சருன்னிசா தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீயே தச்சியா? எனக்கும் ஒண்ணு தச்சிக் குடேன். கடைல வாங்குனது கழுத்த புடிக்குது." பிறகு தன் கதையைச் சொன்னாள். முட்டி வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னாராம். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் பெண்களுக்கு மட்டும் தனி நேரம் உண்டு. மருமகள் கொண்டுபோய்ச் சேர்த்தாளாம். "முதல்ல நானும் ஓரத்த வுடவே இல்ல. அந்த டீச்சர் என்னப் பாத்தாலே தலைல கைய வச்சிக்கும். இப்ப இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போறேன். போ, போட்டுக்கினு வா."

"தண்ணியே இல்லையேக்கா."

"இல்லாட்டி இன்னா? தண்ணி இருந்தா நீ எறங்குவியா இப்போ?"

அது நியாயமாகப் பட்டது. மேல்தளத்துக் குளியலறைக்குப் போய் உடுத்திக்கொண்டு வந்தாள். சேலை இல்லாமல் நாலு பேர் நடுவில் நடப்பது அதுவே முதல் தடவை. துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு படியிறங்கினாள். கணேசமூர்த்தி பார்த்தார். நைட்டி இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

அஃப்சருன்னிசா அவளைச் சாய்வு நாற்காலி ஒன்றில் குப்புறப் படுக்கவைத்தாள். "கால மடக்காத. இடுப்புலருந்து அடி. வேகமா வாணாம்." பேச்சியம்மாள் காலை அடித்தாள். நாற்காலி கிரீச்சிட்டது. கையை எப்படி முன்னால் நீட்டி இழுக்க வேண்டும் என்று காட்டினாள். சின்னப் பிள்ளைகள் சுற்றிலும் படுத்துக்கொண்டு தாங்களும் கையைக் காலை அடித்தார்கள். குளத்தின் விளிம்பில் நின்றிருந்த ஒருவர் ஃபோனில் படமெடுத்தபடியே, "பாட்டி, ஒலிம்பிக்ஸுக்கா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

கணேசமூர்த்தி எழுந்து நின்றார். கடையில் எவ்வளவு பேரம் பேசினாலும் குரலை உயர்த்தாத மனுஷர்.

"என் வீட்டுக்காரி நீச்சல் படிக்கா. அதுல உமக்கென்ன வேய்?"

அந்த ஆள் ஃபோனைத் தாழ்த்தினார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதாவது, கேலியாகச் சிரிக்கவில்லை.

கையும் காலும் பழகியதும் அஃப்சருன்னிசா கணேசமூர்த்தியிடம், "சார், அந்தப் பக்கெட்ல நல்ல தண்ணி புடிச்சிக்கினு வாங்க" என்றாள். அவர் கொண்டுவந்து வைத்தார். பேச்சியம்மாளுக்கு அது எதற்கென்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

"என்னால முடியாதுக்கா."

"முடியாட்டி வாணாம். நான் பண்றேன், பாரு." அஃப்சருன்னிசா துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு முகத்தைப் பக்கெட்டுக்குள் விட்டாள். மூக்கால் காற்றை விட்டாள். குமிழி குமிழியாகப் பொங்கியது. பிள்ளைகள் கைதட்டின. உடனே ஒரு பையன், பிறகு ஒரு பெண், பிறகு தலைசுற்றல் நீங்கி எழுந்து உட்கார்ந்திருந்த ஷரீஃப்கூட ஒரு தடவை என்று வரிசையாக முகத்தை நனைத்தார்கள். தண்ணீரை மாற்றி மாற்றிப் பிடித்துவந்தார் கணேசமூர்த்தி.

கடைசியில் பேச்சியம்மாள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பக்கெட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். குனிந்தாள். மூக்கு நுனி பட்டதும் நிமிர்ந்துவிட்டாள். மறுபடியும் குனிந்தாள், மறுபடியும் நிமிர்ந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ, கண்ணைத் திறந்தபடியே முகத்தை உள்ளே விட்டாள். பக்கெட்டின் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் இருந்தது உள்ளே. பிறகு கண்ணை மூடினாள். காற்றை விட்டாள். காதுக்குப் பக்கத்தில் குமிழி பொங்குகிற சத்தம்.

தலையைத் தூக்கியபோது முகமெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. "மூடிட்டேன்" என்றாள் கணவரிடம். "கண்ண மூடிட்டேன்." அவரைத் தவிர, அஃப்சருன்னிசாவைத் தவிர, வேறு யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. ஆனாலும் குளம் முழுக்கக் கைதட்டியது.

சென்னைக்கு வந்து சேர்ந்தபோது துறைமுகத்து வாசலில் அஸ்வத் நின்றிருந்தான். முகம் வெளிறியிருந்தது. கரைக்குப் பக்கத்தில் வந்து ஃபோன்களுக்கு சிக்னல் கிடைத்ததுமே, யாரோ எடுத்த வீடியோ, டிக்கெட் பதிவு செய்தவன் என்று அவனையும் சேர்த்திருந்த பயணிகளின் வாட்ஸப் குழுவில் வந்திருந்தது. அதில் அவன் அம்மா, கறுப்பு உடையில், தண்ணீரில்லாத குளத்தில், நாற்காலி மேல் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்னம்மா ஆச்சு உனக்கு? உடம்பு ஏதும்... நான் அந்தக் கம்பெனிய சும்மா விடமாட்டேன். உங்களுக்குனு ஆசையா புக் பண்ணேன், இப்படி ஆயிடுச்சே."

"நல்லாத்தான் இருந்துச்சுடே" என்றாள்.

"என்ன நல்லா இருந்துச்சு? ஏ.சி. இல்ல, ஊர் பாக்கல, ரூம்ல தண்ணி..."

"அதான் சொல்லுதேன்லா. நல்லா இருந்துச்சு."

அவன் அப்பாவைப் பார்த்தான். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் கணேசமூர்த்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு. கப்பல் கம்பெனி பிறகு வருத்தம் தெரிவித்து, அதே கப்பலில் இன்னொரு பயணம் இலவசம் என்று தகவல் அனுப்பியது. அதை அஸ்வத் உரக்கப் படித்தான். வீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

அடையாறுக் குளத்தில் பெண்களுக்கான நேரம், கடை திறந்து சூடு பிடிக்கிற நேரம். அதனால் துணி எடுத்துப் போடுகிற வேலை அந்த நாள்களில் கணேசமூர்த்தியின் தலையில் விழுந்தது. மாந்தளிர் நிறம் கேட்டால் அரக்கு நிறத்தை எடுத்துப் போட்டார். கிளிப்பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் வித்தியாசம் கேட்டவளிடம், "ரெண்டும் பச்சைதானே தாயி" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கப் பழகினார். பேச்சியம்மாள் தலை ஈரத்தோடு வந்து சேரும்போது, மேஜை மேல் துணி மலைமாதிரி குவிந்திருக்கும். அவர் அதற்குப் பின்னால் வேர்த்துப்போய் நின்றுகொண்டிருப்பார். ஒருநாளும் போக வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவளுக்குச் சுலபமாக வந்துவிடவில்லை. முதல் நாள் படியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு ஏறிவிட்டாள். மார்பளவு தண்ணீர் வந்த அன்றைக்குப் பழைய நடுக்கம் திரும்பி வந்தது. கரையேறி, துண்டைப் போர்த்திக்கொண்டு, இனி வரமாட்டேன் என்றாள். அஃப்சருன்னிசா மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவை நிறுத்திக்கொண்டு ஃபோன் செய்தாள்: "நான் இங்கதான் கீறேன். நீ வந்தா உள்ள போறேன். இல்லாட்டி டீ குடிச்சிக்கினு வீட்டுக்குப் போறேன்." பேச்சியம்மாள் போனாள். அப்படிச் சில தடவை நடந்தது. ஒருநாள் முதுகுக்குக் கீழே இருந்த அஃப்சருன்னிசாவின் கை எப்போது விலகியதென்றே தெரியாமல் மிதந்துகொண்டிருந்தாள். மேலே தகரக் கூரை, அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு வானம். காதுக்குள் தண்ணீர் இருந்ததால் யார் பேசுவதும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. இப்போது அகலவாட்டில் நிற்காமல் போய்த் தொட்டுவிடுகிறாள். நீளவாட்டில் பாதியில் மூச்சு வாங்குகிறது. அந்தக் குளத்துக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அவள் தைத்துக்கொடுத்த உடையில்தான் நீந்துகிறார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஷரீஃபும் அஃப்சருன்னிசாவும் கூப்பிட்டதால், நாலு பேருமாகப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். பேச்சியம்மாள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஈர மணலைத் தாண்டி நடந்தாள். அலை வந்து முழங்காலில் மோதிவிட்டுப் போனது. திரும்பிப் பார்த்தாள். கணேசமூர்த்தி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காய்ந்த மணலிலேயே நின்றிருந்தார்.

"வாங்களேன்!"

"வேண்டாம்ளா. இங்கனயே நிக்கேன்."

"ஏன்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சோளம் விற்கிறவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்கும் நீச்சல் தெரியாதுல்லா. உன்னய இறங்கி வான்னு சொன்னனே தவிர, அந்தக் கப்பல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

இத்தனை வருஷமும் அது தனக்குத் தோன்றவே இல்லையே என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்காரர், குடும்பத் தலைவர், எதற்கும் கலங்காதவர் என்றே அவரை நினைத்துவிட்டாள்.

"ஆம்பளையளுக்குக் காலையில வெள்ளன ஒரு பேட்ச் இருக்குதாம். அக்காகிட்ட கேட்டேன்" என்றாள் அவரிடம் வந்து.

"எப்பக் கேட்ட?"

"இப்பத்தான் கேக்கப் போறேன்."

அவர் சிரித்தார். மறுவாரமே போய்ச் சேர்ந்தார். முதல் நாள் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தார். மேஜைக்குப் பின்னால் அவள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் வாடிக்கைக்காரி நீலப் பட்டுச் சேலையை விரித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவராகவே இந்தப் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"மூக்குல ஏறிட்டு. நாளைக்கும் போறேன்."